எல்லிஸ் ஆர். டங்கன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேசும்போது எல்லிஸ் ஆர். டங்கன் பெயரைச் சொன்னால் போதும், "யாரு, வெள்ளைக்காரரா? தமிழ்ப் படமா?" என்று ஆரம்பித்து வரிசையாக அதே சந்தேகங்கள் வரும். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த டங்கன்? சுருக்கமா சொல்லுங்களேன்.

தமிழில் ஒரு வார்த்தை தெரியாமல் வந்து, 1936 முதல் 1950 வரை பத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்களை இயக்கிய அமெரிக்கர். எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'சதி லீலாவதி', தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி', எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'சகுந்தலை', 'மீரா', கலைஞர் வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' எல்லாமே இவர் கை பட்டவை. இந்தப் படங்களின் பெயர் தெரிந்த பலருக்கும் இவர் பெயர் தெரியாது.

அமெரிக்காவுல சினிமா படிச்சவர் எதுக்கு இங்க வந்தார்?

நண்பன் கூப்பிட்டான், வந்தார். டங்கன் பிறந்தது 1909 மே 11, ஒஹையோ மாநிலத்தில் பார்ட்டன் என்கிற சின்ன ஊர். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தபோது உடன் படித்தவர் மாணிக் லால் டாண்டன். வசதியான வட இந்தியக் குடும்பம். படிப்பு முடிந்ததும், "எங்கள் ஊருக்கு வா, சேர்ந்து படம் எடுக்கலாம்" என்று டங்கனையும் மைக்கேல் ஒமலெவ் என்ற இன்னொரு நண்பரையும் டாண்டன் அழைத்தார். அமெரிக்காவில் பொருளாதார மந்தம் நீடித்த காலம். ஹாலிவுட்டில் நுழைய வரிசை நீளம். சில மாதம் இருந்து பார்க்கலாம் என்று 1935-இல் கப்பலேறியவர் பதினைந்து வருஷம் தங்கிவிட்டார்.

வந்த வேகத்தில் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. டாண்டன் அப்போது கல்கத்தாவில் 'நந்தனார்' எடுத்துக்கொண்டிருந்தார். கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று நாடே பேசிய படம் அது. டங்கன் அதில் ஒத்தாசை செய்தார். அடுத்து கோவை மருதாசலம் செட்டியார் தமிழில் ஒரு படம் எடுக்க டாண்டனைக் கேட்க, தனக்கு ஒழியாது என்று டாண்டன் நண்பரைக் கை காட்டிவிட்டார். அதுதான் 'சதி லீலாவதி'.

கதை தமிழ், நடிகர் தமிழ், வசனம் தமிழ். ஒண்ணுமே புரியாம எப்படி டைரக்ட் பண்ணினார்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கதையும் காட்சியும் ஆங்கிலத்தில் அவர் கைக்கு வந்துவிடும். வசனத்தைப் பார்த்துக்கொள்ள உதவியாளர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். நடிகர் உளறினாரா, வரியை விட்டாரா என்று சொல்வது அவர்கள் வேலை. அந்தக் கால நடிகர்களில் பெரும்பாலோர் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள். பக்கம் பக்கமாக வசனத்தை நெட்டுருப் போட்டு ஒப்பிப்பது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே வசனத்தில் இயக்குநருக்குப் பெரிதாக வேலை இருக்கவில்லை.

அவருக்கு மிஞ்சியது முகம், உடம்பு, வெளிச்சம், கேமரா. மொழி புரியாததால் இவற்றை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்தது. அதுவே அவர் பலமாகிவிட்டது என்பது என் கட்சி. அன்றைய தமிழ்ப் படம் என்பது மேடை நாடகத்தை முன் வரிசையில் கேமராவை நட்டுப் பிடித்தது மாதிரிதான் இருந்தது. காது அடைபட்ட ஒருவர் வந்து உட்கார்ந்ததும், "இவர் ஏன் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறார்?" என்ற கேள்வி தானாக எழுந்தது.

பதினஞ்சு வருஷத்துல கூடவா கத்துக்கல?

இல்லை. கடைசி வரை தமிழ் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் பெருமை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைய நிலவரத்தையும் பார்க்க வேண்டும். தமிழ் தெரியாதவர்கள் தமிழ்ப் படம் எடுப்பது அப்போது அதிசயமே அல்ல. 1931-இல் வந்த 'காளிதாஸ்' பம்பாயில் எடுத்தது. 1934-இல் சீனிவாசா சினிடோன் வரும்வரை சென்னையில் பேசும் படம் எடுக்க ஸ்டுடியோவே கிடையாது. கம்பெனியோடு ரயிலேறி பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போய், அங்கே இருக்கிற வங்காளி, மராத்தி, பார்சி ஆட்களை வைத்துத்தான் எடுத்து வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் டங்கனும் ஒருவர். கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தவர், அவ்வளவுதான்.

எம்.ஜி.ஆரை ஹீரோ ஆக்கினது இவர்தானே?

இல்லை. இந்தத் தவறு நிறைய இடத்தில் உலவுகிறது. 1936-இல் வந்த 'சதி லீலாவதி'யில் எம்.ஜி.ஆருக்கு இன்ஸ்பெக்டர் ரங்கய்யா நாயுடு என்கிற சின்ன வேடம். கதாநாயகன் எம்.கே. ராதா. டி.எஸ். பாலையாவுக்கு அதுதான் ஆரம்பப் படம். என்.எஸ். கிருஷ்ணனும் முதலில் ஒப்பந்தமானது இதில்தான், 'மேனகா' முந்திக்கொண்டு வெளியாகிவிட்டது. ஒரே படத்தில் இத்தனை பேர் அறிமுகமாவது அபூர்வம், சரிதான். ஆனால் ஆட்களைச் சேர்த்ததில் ராதாவின் தந்தையும் நாடக ஆசிரியருமான கந்தசாமி முதலியார் போன்றவர்களுக்குப் பங்கு உண்டு. அதை டங்கன் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது.

அதன் பிறகு எம்.ஜி.ஆர். பதினோரு வருஷம் துணை வேடங்களில் காத்திருந்தார். கதாநாயகன் ஆனது 1947-இல், ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய 'ராஜகுமாரி'யில். நடுவே டங்கனின் 'இரு சகோதரர்கள்', 'தாசிப் பெண்', 'மீரா' ஆகியவற்றிலும் சின்னச் சின்ன வேடங்கள் செய்தார். டங்கன் படத்தில் அவர் கதாநாயகனாக நடித்தது 'மந்திரி குமாரி' ஒன்றில்தான்.

'சதி லீலாவதி' கதை திருட்டுன்னு கேஸ் நடந்துச்சாமே?

நடந்தது. 'பதி பக்தி' என்ற நாடகத்தின் கதையும் இதுவும் ஒன்று என்று வழக்கு. 'சதி லீலாவதி'யின் மூலக்கதை எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் தொடராக எழுதியது. வாசனே வந்து, இரண்டுக்கும் மூலம் ஹென்றி உட் அம்மையார் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற ஆங்கில நாவல் என்று சொல்ல, வழக்கு நிற்கவில்லை.

கதை இதுதான். சென்னையில் வசதியாக இருக்கும் கிருஷ்ணமூர்த்தி குடியில் விழுகிறான். போதையில் நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பி இலங்கைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். புராணமும் பக்திக் கதையும் குவிந்த காலத்தில் மதுவும் மலையகக் கூலி வாழ்க்கையும் திரைக்கு வந்தது பெரிய விஷயம். அந்தத் தோட்டக் காட்சிகள் எப்படி இருந்தன என்று நாம் பார்க்கத்தான் வழியில்லை, படப்பிரதி மிஞ்சவில்லை.

'அம்பிகாபதி' சிவாஜி படம் இல்லையா?

அது 1957-இல் ப. நீலகண்டன் இயக்கியது. டங்கனுடையது 1937-இல், தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நடித்தது. கல்கத்தாவில் எடுத்து, ஒரு வருஷம் ஓடிய படம்.

கதை ஊரறிந்தது. கம்பர் மகன் அம்பிகாபதி, சோழ இளவரசி அமராவதி. சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் உயிர் பிழைக்கலாம். அவள் காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணி, நூறு ஆயிற்று என்று எட்டிப் பார்க்க, அவன் காதலைப் பாடி மாட்டிக்கொள்கிறான். டங்கன் இதை எப்படிப் பிடித்தார் என்பதுதான் சுவாரசியம். அவருக்குக் கம்பரும் தெரியாது, சோழரும் தெரியாது. ஆனால் இரண்டு குடும்பம், தடைப்பட்ட காதல், சாவு என்று கேட்டதும் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' ஞாபகம் வந்திருக்கிறது. அந்த நாடகத்தில் வேண்டிய வரிகளைக் குறித்துக் கொடுத்து, இதே உணர்ச்சியில் தமிழில் எழுதித் தாருங்கள் என்று இளங்கோவனிடம் கேட்டார். இளங்கோவன் எழுதியதை மொழிபெயர்ப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வசனம் எழுதுபவர் என்று ஒருவரைத் தமிழ் ரசிகர்கள் பெயர் சொல்லிக் கவனிக்கத் தொடங்கியது இங்கிருந்துதான்.

இவர் புதுசா கொண்டு வந்தது என்ன? சும்மா 'நவீனப்படுத்தினார்'னு எல்லாரும் எழுதறாங்க.

மூன்று விஷயம் தெளிவாகச் சொல்லலாம். நகரும் கேமரா ஒன்று. நாடக அரிதாரத்தை விட்டு, கேமராவுக்கு ஏற்ற ஒப்பனை இரண்டாவது. மூன்றாவது, காதல் காட்சியில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது. சிரிக்காதீர்கள், அப்போது அது பெரிய மாற்றம். தள்ளி நின்று ஆளுக்கொரு திசை பார்த்துப் பாடிக்கொண்டிருந்த ஜோடிகளைத் தொட்டுப் பேச வைத்தார். இது அவருக்குப் பின்னால் வம்பாகவும் முடிந்தது, 'பொன்முடி' கேள்விக்கு வரும்போது சொல்கிறேன்.

எம்.எஸ். நடிச்ச படம் எல்லாமே டங்கன் எடுத்ததா?

எம்.எஸ். நடித்தது மொத்தம் நாலு படம். 'சேவாசதனம்' (1938) கே. சுப்ரமணியம் இயக்கியது. 'சாவித்திரி' (1941) ஒய்.வி. ராவ். 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945) இரண்டும்தான் டங்கன். 'சகுந்தலை'யில் துஷ்யந்தன் ஜி.என். பாலசுப்பிரமணியம். சங்கீத உலகின் இரண்டு உச்சங்களைச் சேர்த்து வைத்துப் படம் எடுத்தவருக்குக் கர்நாடக சங்கீதம் பழக்கமில்லை. அதே வருஷம் நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையைக் 'காளமேக'மாக நடிக்க வைத்தார், அது ஓடவில்லை. பெரிய வித்வான் எல்லோரும் கேமரா முன்னால் நிற்கத் தெரிந்தவர்கள் அல்ல.

'மீரா'வுல அப்படி என்ன விசேஷம்? பாட்டுக்காகத்தானே எல்லாரும் பாத்தாங்க?

பாட்டுக்காகத்தான். அதை மறுக்கவில்லை. எஸ்.வி. வெங்கட்ராமன் இசை, கல்கி எழுதிய 'காற்றினிலே வரும் கீதம்', எம்.எஸ். குரல். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் அந்த முகத்தைக் கவனித்துப் பாருங்கள். படப்பிடிப்புக்கு முன்பே எம்.எஸ்.ஸின் முகத்தைச் சாந்தில் வார்த்து ஒரு மார்பளவுச் சிலை செய்தார்கள். டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் அந்தச் சிலையை வைத்து, விளக்கை மேலே ஏற்றி, கீழே இறக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் விழுந்தால் முகம் எப்படித் தெரிகிறது என்று படமெடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். நடிகையை மணிக்கணக்கில் விளக்குச் சூட்டில் நிற்க வைக்காமல் நடந்த ஒத்திகை அது. படத்தில் மீராவின் முகத்தைச் சுற்றித் தெரியும் ஒளி தற்செயலாக வந்ததல்ல.

இன்னொரு இடம்: குழந்தை மீரா பெரியவள் ஆவது. 'நந்தபாலா என் மணாளா' என்று சிறுமி ராதா பாடி ஆடத் தொடங்க, அதே பாட்டின் ஓட்டத்திலேயே எம்.எஸ். வந்துவிடுகிறார். 'சில ஆண்டுகளுக்குப் பிறகு' என்று அட்டை போட வேண்டிய இடத்தை ஒரு பாட்டுக்குள் வெட்டி ஒட்டி முடித்திருக்கிறார். ராஜஸ்தானத்துக்கே போய் எடுத்த வெளிப்புறக் காட்சிகளும் சேர்ந்து படத்துக்கு வேறு ஒரு காற்று வந்துவிட்டது. 1947-இல் வந்த இந்தி 'மீரா'வின் தொடக்கத்தில் சரோஜினி நாயுடு தோன்றி எம்.எஸ்.ஸை அறிமுகப்படுத்துவார்.

யுத்த சமயத்துல என்ன பண்ணினார்? நடுவுல படமே காணோமே.

முழுக்கக் காணாமல் போகவில்லை, 1943-இல் 'தாசிப் பெண்' வந்தது. ஆனால் ஃபிலிம் சுருளுக்கே பஞ்சமான காலம், எல்லோருக்கும்தான் படம் குறைந்தது. டங்கன் அப்போது சென்னை அரசுக்காகப் போர்க்காலச் செய்திப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அமெரிக்காவில் அவருக்குச் சோறு போட்டது இந்தத் துண்டுப் பட அனுபவம்தான்.

'பொன்முடி' ஆபாசப் படம்னு எங்க தாத்தா சொல்வார். அப்படியா?

தாத்தா காலத்துக் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கும். 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம் அது. மூலம் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்'. பெயரிலேயே முத்தம் இருக்கிறது, பாவம் டங்கனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்! பி.வி. நரசிம்மபாரதியும் மாதுரிதேவியும் நெருங்கி நடித்த காதல் காட்சிகளைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. வெள்ளைக்காரர் நம் பண்பாட்டைக் கெடுக்கிறார் என்ற தொனியில் கண்டனம் வந்தது. இன்று பார்த்தால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

'மந்திரி குமாரி' டைட்டில்ல ரெண்டு பேர் இருக்கே, யார் படம் அது?

இருவரும்தான். டங்கன் எடுத்துக்கொண்டிருந்தபோதே அமெரிக்கா கிளம்ப வேண்டி வந்ததால், மீதியை மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம் முடித்தார். ஆகவே ஏதாவது ஒரு காட்சியைக் காட்டி "இது டங்கன் ஷாட்" என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

குண்டலகேசியிலிருந்து எடுத்து, கலைஞர் நாடகமாக எழுதிய கதை. கொள்ளைக்காரன் பார்த்திபன் மனைவி அமுதவல்லியை மலை உச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிடத் திட்டமிடுகிறான். போகும் வழியில்தான் 'வாராய் நீ வாராய்'. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. இதம்பதமாக அழைக்கிற அந்த மெட்டின் கீழே கொலை நகர்கிறது. உச்சியில் விஷயம் தெரிந்ததும், சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள் அவள். சுற்றி வந்து பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். பாட்டின் அர்த்தம் புரியாத ஒருவர் பார்த்தாலும் அந்த வலம் வருதலில் என்ன நடக்கப் போகிறது என்று வயிற்றைக் கலக்கும்.

அவருக்குப் பாட்டே பிடிக்காதுன்னு சொல்றாங்க. ஆனா அவர் படத்துல பாட்டுதானே நிக்குது?

நல்ல கேள்வி, இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன். தமிழ்ப் படத்தில் நாற்பது, ஐம்பது பாட்டு வைத்த காலம் அது. கதை நகராமல் பாட்டு குறுக்கே நிற்கிறது என்பது அவர் குறை, குறைக்கவும் பார்த்தார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இன்று நாம் நினைவில் வைத்திருப்பது 'காற்றினிலே வரும் கீதம்', 'வாராய் நீ வாராய்', இளங்கோவன் வசனம், கலைஞர் வசனம். அவர் குறைக்க நினைத்ததும் அவருக்குப் புரியாததும்தான்.

இதை அவர் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன் கேள்வியில் சொன்ன மலை உச்சியையும், மீராவின் முகத்தையும் எடுத்துவிட்டு வெறும் ஒலியாகக் கேளுங்கள். பாட்டு இனிக்கும், பயமும் பக்தியும் பாதிதான் வரும். சொல்லுக்கும் ராகத்துக்கும் தமிழில் ஆள் குறைவில்லை. கண்ணுக்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

இங்கிருந்து போனப்புறம் ஹாலிவுட்ல பெரிய ஆளா ஆனாரா?

இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் குடியேறி, நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் ஆவணப் படங்கள் எடுத்துப் பிழைத்தார். இந்தியாவில் வந்து எடுத்த அமெரிக்கப் படங்களுக்கு உதவியாகச் சில முறை திரும்பி வந்தார். அதில் ஒன்று 1952-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டுறவோடு வந்த 'தி ஜங்கிள்'. நம் யானைகளுக்குக் கம்பளி ரோமம் போர்த்தி, அழிந்துபோன மம்மூத் யானைகள் என்று காட்டுவார்கள். தமிழில் 'காடு'. சிரிக்க வேண்டுமானால் பாருங்கள்.

தொண்ணூறுகளில் சென்னை வந்தபோது பழைய திரையுலக நண்பர்கள் அவரை வரவேற்று மரியாதை செய்தார்கள். 2001-இல் தன்வரலாறு வெளியானது, அதே வருஷம் டிசம்பர் 1 அன்று, 92 வயதில் வீலிங்கில் காலமானார். அவரைப் பற்றி 2013-இல் கரண் பாலி ஓர் ஆவணப் படம் எடுத்திருக்கிறார்.

அப்போ இவர்தான் தமிழ் சினிமாவின் தந்தையா?

யார் இந்தப் பட்டத்தைக் கிளப்பிவிட்டது தெரியவில்லை. ஊமைப் படக் காலத்தில் ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்தபோது டங்கன் பள்ளிக்கூடப் பையன். டங்கன் வேலை செய்துகொண்டிருந்த அதே வருஷங்களில் கே. சுப்ரமணியம் 'தியாகபூமி' எடுத்தார். சமூகத்தை நேருக்கு நேர் பார்த்ததில் டங்கனின் எந்தப் படமும் அதற்குப் பக்கத்தில் வராது. தந்தை, தாய் என்று உறவு கொண்டாடாமல், நல்ல இயக்குநர் என்று சொன்னாலே போதும்.

பாக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?

'மந்திரி குமாரி'. வேகம் இன்றைக்கும் தாங்கும். அடுத்து 'மீரா', முடிந்தால் பெரிய திரையில், இல்லாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு. 'அம்பிகாபதி'யின் ஒலி சில இடங்களில் இரைச்சலாக இருக்கும், பொறுமை வேண்டும். 'சகுந்தலை' எம்.எஸ்., ஜி.என்.பி. ரசிகர்களுக்கு. மற்றவர்கள் என்.எஸ். கிருஷ்ணன், மதுரம் வரும் இடங்களை மட்டும் பார்த்துவிட்டு நகரலாம்.